ஒரே இட்லி, ஒரே சாம்பார்... அவருக்கு 128, எனக்கு 184! குடலுக்குள் என்னதான் நடக்கிறது?

கையில் ஒட்டிக்கொள்ளும் அந்த சென்சாரை நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில்தான் மாட்டிக்கொண்டோம். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். மேல்கையின் பின்பக்கம் ஒட்டிவிட்டால், 14 நாள்களுக்கு சர்க்கரை அளவை போனில் காட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு ஹெச்பிஏ1சி 6.1. அதாவது சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறேன். 'ரெண்டு வாரம் மாட்டிப் பாருங்க, எதுக்கு ஏறுதுன்னு தெரியும்' என்று டாக்டர் சொன்னார். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. சும்மா கம்பெனி கொடுக்கிறேன் என்று மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை. ஆளுக்கு நாலு இட்லி, அதே சாம்பார், ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவருக்கு 128, எனக்கு 184.

"அவருக்கு எதுவும் ஏறாதுடி. உனக்கு உங்கப்பா உடம்பு" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்தே. எங்கள் வீட்டில் அது சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை இல்லை. அப்பாவுக்கு 22 வருஷம் சுகர். கடைசி நாலு வருஷம் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லாமல்தான் நடந்தார்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால், மறுநாள் சாயங்காலம் ஆளுக்கொரு வாழைப்பழம் சாப்பிட்டோம். எனக்கு 121-லேயே நின்றுவிட்டது. எதுவும் ஏறாத உடம்புக்காரருக்கு 150-ஐத் தாண்டியது. இட்லிக்கு ஒரு நியாயம், வாழைப்பழத்துக்கு ஒரு நியாயமா? அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை.

தக்காளி சாப்பிட்டாலும் ஏறும்!

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டவர்கள் இஸ்ரேலில் இருக்கும் வைஸ்மன் இன்ஸ்டிட்யூட் விஞ்ஞானிகள் எரான் செகல், எரான் எலினாவ் இருவரும். 800 பேருக்கு ஒரு வாரத்துக்கு சென்சார் மாட்டினார்கள். என்ன சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள், எவ்வளவு நடந்தார்கள் என்று எல்லாவற்றையும் போனில் பதியச் சொன்னார்கள். கூடவே மலத்தைப் பரிசோதித்து யார் குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்றும் பட்டியல் எடுத்தார்கள். கிட்டத்தட்ட 47,000 வேளை சாப்பாட்டின் கணக்கு கையில் கிடைத்தது. 2015-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஒரே உணவு ஆளாளுக்கு வேறு வேறு மாதிரி சர்க்கரையை ஏற்றியது. சிலருக்கு ஐஸ்க்ரீமைவிட சோறு வைத்துச் செய்கிற சுஷி அதிகம் ஏற்றியது. உடல் எடை குறைக்கப் பல வருடமாகப் போராடிய நடுத்தர வயதுப் பெண் ஒருவருக்கு, 'ஆரோக்கியம்' என்று நம்பித் தினமும் சாப்பிட்டுவந்த தக்காளியே எகிற வைத்தது! அந்தப் பெண்ணின் கோபத்தை என்னால் கற்பனை பண்ண முடிகிறது.

யாருக்கு எது ஏறும் என்று கணினி மூலம் முன்கூட்டியே கணிக்கவும் செய்தார்கள். வயது, எடை, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றோடு குடல் பாக்டீரியா விவரத்தையும் சேர்த்தபோது கணிப்பு நன்றாகவே பொருந்தியது. அதே குழுவினர் 2017-ல் 20 பேரை வைத்து வெள்ளை பிரெட், புளித்த மாவில் செய்த முழுக்கோதுமை பிரெட் இரண்டையும் ஒப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லை. பாதிப் பேருக்கு வெள்ளை பிரெட்டும் மீதிப் பேருக்கு முழுக்கோதுமையும் ஏற்றியதால் சராசரி சமமாகிவிட்டது. எந்தப் பக்கம் யார் என்பதை அவரவர் குடல் பாக்டீரியாவை வைத்தே சொல்ல முடிந்தது.

அவசரப்பட்டு சென்சார் காட்டும் ஒவ்வொரு எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆராய்ச்சியாளர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு அதே சாப்பாட்டை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஆளுக்கே இரண்டு முறையும் வேறு வேறு அளவு வந்தது. நானும் பத்தாம் நாள் அதே நாலு இட்லியைச் சாப்பிட்டுப் பார்த்தேன், 161. முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தேன், அதுவும் காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு அளவை வைத்து இட்லிக்கு விவாகரத்து கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உள்ளே இருக்கும் 38 லட்சம் கோடி பேர்

நம் உடம்பில் இருக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. நம்முடைய சொந்த செல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே அளவுதான். 'செல்களைவிடப் பத்து மடங்கு, இரண்டு கிலோ எடை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பழைய கணக்கு. மொத்த எடை கால் கிலோகூட வராது. பெரும்பாலும் பெருங்குடலில்தான் குடியிருக்கிறார்கள்.

நாம் சாப்பிடும் சாதம், இட்லி, சப்பாத்தி எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்து சிறுகுடலிலேயே குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் கலந்துவிடும். பெருங்குடல்வரை போய்ச் சேர்வது பெரும்பாலும் நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்துதான். கீரைத்தண்டு, பருப்புத் தோல், கொத்தவரங்காய், கொய்யா விதை, இந்த மாதிரி சமாசாரங்கள். அவற்றை உடைக்கும் என்சைம் நம்மிடம் பெரும்பாலும் கிடையாது, பாக்டீரியாவிடம் உண்டு. அவை நாரைப் புளிக்கவைத்துத் தின்றுவிட்டு, மிச்சமாகச் சில அமிலங்களை வெளியே விடுகின்றன. அசிட்டேட், ப்ரொபியோனேட், ப்யூட்டிரேட் என்று மூன்று. நம் சர்க்கரைக் கதையின் முக்கியப் பாத்திரங்கள் இவைதான்.

ப்யூட்டிரேட் முதலில் பெருங்குடலின் உள்சுவருக்குச் சாப்பாடு போடுகிறது. அந்தச் சுவரிலுள்ள செல்களுக்குத் தேவைப்படும் சக்தியில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. சுவர் பலமாக இருந்தால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். நார் கிடைக்காமல் போனால் என்ன ஆகும்? பசித்த பாக்டீரியா சும்மா இருக்குமா? குடல் சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்தையே தின்ன ஆரம்பிக்கின்றன. எலிகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். படலம் மெலிந்து, சில பாக்டீரியாக்களின் உடல் சிதறல்கள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசியும்போது உடம்பு அதை எதிரியாகப் பார்க்கிறது. லேசான, வெளியே தெரியாத அழற்சி. காய்ச்சல் வராது, வலிக்காது. ஆனால், இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் தசையும் கல்லீரலும் சரியாகத் திறப்பதில்லை. 'இன்சுலின் எதிர்ப்பு' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அதற்கு இது ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல.

அந்த அமிலங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. குடல் சுவரில் ஆங்காங்கே இருக்கும் சில செல்களைத் தட்டி எழுப்பி, ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கின்றன. எங்கேயோ கேட்ட பேர் மாதிரி இருக்கிறதா? எடை குறைய என்று இப்போது எல்லோரும் பேசிக்கொள்ளும் செமாக்ளுடைட் ஊசி, இந்த ஹார்மோனைப் பார்த்து நகல் எடுத்ததுதான். கணையத்திடம் 'சாப்பாடு வருது, இன்சுலினை ரெடி பண்ணு' என்று சொல்வது, வயிறு காலியாவதை மெதுவாக்குவது, மூளைக்கு 'போதும்' என்று சேதி அனுப்புவது, எல்லாம் இதன் வேலை. உடனே 'வெண்டைக்காய் சாப்பிட்டா ஊசி போட்ட மாதிரி' என்று யாரும் ரீல்ஸ் போட்டுவிட வேண்டாம். உடம்பு சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசி ஒரு வாரம் நிற்கும். இரண்டும் ஒன்றல்ல.

ராத்திரி சாப்பிட்டது காலையில் பேசும்

எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி ஸ்வீடனிலிருந்து வந்தது. 39 ஆரோக்கியமான மனிதர்களுக்கு மூன்று நாள் பார்லி பிரெட், வேறொரு மூன்று நாள் வெள்ளை பிரெட் கொடுத்தார்கள். நாலாம் நாள் காலை எல்லோருக்கும் ஒரே மாதிரி சாப்பாடு. பார்லி சாப்பிட்டு வந்தபோது, சிலருக்கு மறுநாள் காலைச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. பலன் கிடைத்தவர்களின் குடலில் ப்ரிவோடெல்லா என்ற பாக்டீரியா அதிகமாகியிருந்தது. அவர்களின் குடல் பாக்டீரியாவை எலிகளுக்கு மாற்றியபோது, எலிகளும் சர்க்கரையை நன்றாகச் சமாளித்தன.

முதல் வேளை சாப்பாடு அடுத்த வேளைச் சர்க்கரையைப் பாதிக்கும் என்பது புதுசு இல்லை. டொராண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ், கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலை 1981-ல் கொடுத்தவர், பருப்பு வகைகளை வைத்து அப்போதே இதைக் காட்டியிருக்கிறார். காலையில் பருப்பு சாப்பிட்டவர்களுக்கு மதியச் சர்க்கரையும் அடங்கியது. ராத்திரி சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், நாம் தூங்கும்போது பாக்டீரியா வேலை பார்க்கும். காலை இட்லிக்கு அதன் பலன் கிடைக்கலாம்.

ப்ரிவோடெல்லா நல்ல பாக்டீரியா என்றால் அதையே வாங்கிச் சாப்பிட்டுவிடலாமே? இங்கேதான் சிக்கல். அது இந்தியர்களின் குடலில் பொதுவாகவே அதிகம். அப்படியும் நமக்குச் சர்க்கரை நோய் குறையவில்லை. 2016-ல் டென்மார்க்கில் 277 பேரிடம் நடந்த ஆய்வு, அதே ப்ரிவோடெல்லா கோப்ரியை இன்சுலின் எதிர்ப்போடு இணைத்துக் காட்டியது. ஸ்வீடனில் நல்லவர், பக்கத்து நாட்டில் கெட்டவர்! ஒரே பெயரில் பல உட்பிரிவுகள் இருப்பதும், அவற்றுக்கு நாம் என்ன தீனி போடுகிறோம் என்பதும் இதில் விளையாடுகின்றன. 'இது நல்ல பாக்டீரியா, இது கெட்ட பாக்டீரியா' என்று பட்டியல் போடுகிற கட்டுரைகளைப் பார்த்தால், கொஞ்சம் தள்ளி நின்றே படிக்கிறேன்.

மாமா மாத்திரையை நிறுத்திய கதை

இந்தத் துறையில் நடந்த ஒரு தவறான புரிதலைச் சொல்ல வேண்டும். 2012-ல் சீனாவில் 345 பேரின் குடல் பாக்டீரியாவை அலசி, சர்க்கரை நோயாளிகளுக்கு ப்யூட்டிரேட் தயாரிக்கும் இனங்கள் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். உலகமே பரபரப்பானது. 2015-ல் வேறொரு குழு கேட்டது, 'நோயாளிகள் மெட்ஃபார்மின் சாப்பிட்டார்களா, இல்லையா?' சுகருக்கு முதலில் எழுதிக் கொடுக்கும் அதே மாத்திரைதான். பிரித்துப் பார்த்தால், நோயின் அடையாளம் என்று நினைத்த மாற்றங்களில் கணிசமானவை மாத்திரையின் வேலை! ப்யூட்டிரேட் இனங்கள் குறைவது மட்டும் மாத்திரையைக் கழித்த பிறகும் நிலைத்தது.

2017-ல் இன்னும் ஒரு படி போனார்கள். மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியாவை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மாற்றினார்கள். எலிகளின் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. ஆக, நம் வீட்டு டப்பாவில் பல வருஷமாக இருக்கும் அந்த மாத்திரை, கொஞ்சம் வேலையைக் குடல் பாக்டீரியா வழியாகத்தான் செய்கிறது. ஆரம்பத்தில் வரும் வயிற்று உப்புசம், பேதிக்கும் இந்த மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பார்க்கிறார்கள்.

இதில் ஒரு கொடுமையான நகைச்சுவை என்னவென்றால், என் தாய்மாமா நிறுத்தியது அந்த மாத்திரையைத்தான். 'குடல் பாக்டீரியாவை சரிபண்ணா சுகர் தானா போயிடும்' என்று யாரோ ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதம் காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும், மாத்திரைக்கு டாட்டா. யாரிடமும் சொல்லவில்லை. உள்ளங்காலில் ஒரு கொப்புளம் ஆறாமல் இருந்ததை அத்தை பார்த்துவிட்டார். டெஸ்ட் எடுத்தால், வெறும் வயிற்றில் 312. அன்றைக்கு அம்மா பேசவே இல்லை. அப்பாவுக்கும் முதலில் ஒரு கொப்புளம்தான் வந்தது.

"நான் மருந்தே வேண்டாம்னு சொல்லலையே, இயற்கையா குறையட்டும்னு பார்த்தேன்" என்றார் மாமா.

"இயற்கையா குறையறதுக்கு நீங்க என்ன ஏரித் தண்ணியா மாமா?" என்று கேட்டுவிட்டேன். மூத்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான்.

மாமாவின் நம்பிக்கை முழுக்க ஆதாரமே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். ஷாங்காயில் லிபிங் ஜாவோ குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 43 சர்க்கரை நோயாளிகள். எல்லோருக்கும் அகார்போஸ் மாத்திரை உண்டு. ஒரு குழுவுக்கு வழக்கமான உணவு ஆலோசனை, இன்னொரு குழுவுக்கு முழுதானியம் உள்பட பலவகை நார்ச்சத்து நிறைந்த உணவு. 84 நாள்களில், நார்ச்சத்துக் குழுவில் 89 சதவிகிதம் பேரின் ஹெச்பிஏ1சி 7-க்குக் கீழே வந்தது. மற்ற குழுவில் 50 சதவிகிதம். அமிலங்களைத் தயாரிக்கும் 15 வகை பாக்டீரியா செழித்திருந்ததையும் அடையாளம் கண்டார்கள். நல்ல சேதி. ஆனால், இரண்டு குழுவும் மாத்திரையோடுதான் சாப்பிட்டது. வீடியோ போட்டவர் அந்த வரியை விட்டுவிட்டார்.

மலத்தை மாற்றிவைக்கும் சிகிச்சையும் உண்டு. முகம் சுளிக்காதீர்கள், ஆம்ஸ்டர்டாமில் 2012-ல் செய்து பார்த்தார்கள். ஒல்லியானவர்களின் குடல் பாக்டீரியாவை உடல் பருமன் உள்ள ஆண்களுக்கு மாற்றியபோது ஆறு வாரத்தில் இன்சுலின் வேலை மேம்பட்டது. பிறகு செய்த பெரிய ஆய்வில் 18 வாரம் தாண்டியதும் அந்தப் பலன் காணாமல் போனது. குடியிருக்கும் ஆள்களை மாற்றினாலும் சாப்பாடு பழைய சாப்பாடாகவே இருந்தால், பழையபடியே திரும்பிவிடுகிறது போல.

நம் அடுப்படிக்கு வருவோம்

சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, வாசற்படியில் என்னைப் போல நிற்பவர்கள் 13.6 கோடி என்று 2023-ல் சொன்னது. அதன் தொடர்ச்சி 2025-ல் வந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் சராசரியாக 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அதிலும் பெரும்பாலும் தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை. சிறுகுடலிலேயே எல்லாம் கரைந்துவிடுகிறது. கீழே காத்திருக்கும் பாக்டீரியாவுக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை.

வேகவைத்த வெள்ளைச் சாதம் 100 கிராமில் நார்ச்சத்து அரை கிராம்கூட இல்லை. அதே 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 7 கிராமுக்கு மேல். கொய்யாவில் சுமார் 5. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வேளை இட்லி, சாதம், தோசை என்று ஓட்டிவிட்டு, பொரியலை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் தொட்டுக்கொண்டால் இந்தக் கணக்கு எப்படிச் சேரும்?

பழைய சோறு? இதைக் கேட்காமல் யாரும் விட மாட்டீர்கள். வெந்த சாதம் ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகிச் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது நார் மாதிரியே பெருங்குடலுக்குப் போகும். இந்தோனேசியாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சுடச்சுடச் சாதத்தில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது. பத்து மணி நேரம் வெளியே ஆறவிட்டதில் 1.30, ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடாக்கியதில் 1.65. கடைசி வகையைச் சாப்பிட்ட 15 பேருக்கு சர்க்கரை குறைவாக ஏறியது.

இரண்டு மடங்குக்கு மேல் என்று தலைப்பு போடலாம்தான். ஆனால் கணக்குப் போடுங்கள். ஒரு தட்டில் 250 கிராம் சாதம் என்றால் மாவுச்சத்து சுமார் 70 கிராம். ஆறவைத்ததால் கூடுதலாகத் தப்பிப் போவது இரண்டரை கிராம். பழைய சோற்றின் தண்ணீர், அதில் வளரும் லாக்டிக் பாக்டீரியா எல்லாம் நல்லவைதான். வெயில் காலத்தில் எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனாலும், அது சாதம்தான். ஒரு சொம்பு நிறையப் பிழிந்து சாப்பிட்டால், சர்க்கரை ஏறத்தான் செய்யும். எனக்கு ஏறியது, 172. இன்னொரு விஷயம், வெந்த சாதத்தை வெளியே வைக்கும்போது வயிற்றைக் கெடுக்கும் கிருமியும் வளரலாம். ஃப்ரிட்ஜில் வைக்கிற சாதம் என்றால், சூடு தணிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள்.

இட்லி மாவு புளிப்பதால் அதில் பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கும், உண்மை. பத்து நிமிடம் ஆவியில் வேகும்போது பெரும்பாலும் செத்துவிடும், அதுவும் உண்மை. புளித்த உணவின் உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் தயிர், மோர், நீராகாரம்தான் நம் வழி. ஸ்டான்ஃபோர்டில் 2021-ல் 36 பேரிடம் செய்த ஆய்வில், பத்து வாரம் புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடின, அழற்சிக்கான 19 புரதங்கள் குறைந்தன. சர்க்கரையை அடிப்படையாக வைத்து நடந்த ஆய்வு இல்லை, நினைவில் வையுங்கள்.

கூழ் பற்றியும் ஒரு வார்த்தை. கேழ்வரகு என்றாலே சுகருக்கு நல்லது என்ற நம்பிக்கையில், நைஸாக அரைத்த மாவைக் கரைத்துக் கூழாகக் குடித்தால், அது சிறுகுடலுக்கு ஏற்கெனவே மென்று கொடுத்த சாப்பாடு. தானியம் முழுசாக, மெல்ல வேண்டிய நிலையில் இருப்பதுதான் விசேஷம். வரகு, சாமையைச் சோறாகப் பொங்கி, பக்கத்தில் அவரைக்காயோ வாழைத்தண்டோ நிறைய வைத்தால் கதை வேறு.

எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. நியூயார்க்கில் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு காய்கறி, கோழிக்கறியை முதலில் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து பிரெட்டையும் பழச்சாற்றையும் கொடுத்தார்கள். தலைகீழாகச் சாப்பிட்ட நாளைவிட, ஒரு மணி நேரத்தில் பார்த்த சர்க்கரை 37 சதவிகிதம் குறைவு. இது பாக்டீரியா விஷயம் இல்லை, வயிறு காலியாகும் வேகம்தான் காரணம். ஆனால், காசு செலவில்லாத வித்தை. இப்போது எங்கள் வீட்டில் முதலில் ஒரு கிண்ணம் பொரியலும் சுண்டலும் முடிந்த பிறகுதான் சாதம் பரிமாறுகிறேன். "கல்யாண வீட்டுல இப்படிச் சாப்பிட்டா சிரிப்பாங்க" என்றார் அம்மா. சிரிக்கட்டும்.

சர்க்கரைக்குப் பதில் டப்பா இனிப்பூட்டி போட்டுக்கொள்பவர்களும் கவனிக்க. 120 பேரிடம் இரண்டு வாரம் செய்த 2022 ஆய்வில், சாக்கரினும் சுக்ரலோஸும் சிலருக்குக் குடல் பாக்டீரியாவை மாற்றி, சர்க்கரையைச் சமாளிக்கும் திறனைக் குறைத்தன. அஸ்பார்டேம், ஸ்டீவியாவுக்கு அந்த அளவு பாதிப்பு தெரியவில்லை. ஒரு சிட்டிகை போட்ட காபிக்காகப் பயந்து நடுங்க வேண்டியதில்லை. நாளுக்கு ஆறு டயட் சோடா குடிப்பவர்கள் யோசிக்கலாம்.

'உங்கள் குடல் பாக்டீரியாவைப் பரிசோதித்து உணவுப் பட்டியல் தருகிறோம்' என்று இப்போது விளம்பரங்கள் நிறைய வருகின்றன. நானும் விசாரித்தேன், விலை ஆயிரக்கணக்கில். வைஸ்மன் கணக்கு அவர்கள் ஊர் மக்களையும் அவர்கள் சாப்பாட்டையும் வைத்துப் போட்டது. குழிப்பணியாரமும் வத்தக்குழம்பும் அதில் இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு வருஷத்துக்குப் பயறு வாங்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் முதல் நாளே இரண்டு கிண்ணம் சுண்டலை இறக்கிவிடாதீர்கள். வயிறு உப்பி, வீட்டில் யாரும் பக்கத்தில் உட்கார முடியாது, எனக்கு ஆனது. இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடவே குடியுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் சாதத்தைச் சட்டென்று குறைத்தால் லோ சுகர் ஆகிவிடலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். கிட்னி பிரச்னை உள்ளவர்களுக்குக் கீரை, பயறு, பழம் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு, அதையும் அவர்களைக் கேட்டுத்தான் முடிவு பண்ண வேண்டும்.

சென்சாரைக் கழற்றி நாலு மாதம் ஆகிறது. போன வாரம் எடுத்த டெஸ்டில் 5.8. இதில் பயறுக்கு எவ்வளவு, சாப்பிட்ட பிறகு நடக்கும் கால் மணி நேரத்துக்கு எவ்வளவு, ஒழுங்காகத் தூங்குவதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மாமாவின் கால் கொப்புளம் ஆறிவிட்டது. மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். பழைய சோற்றையும் விடவில்லை, ஆனால் இப்போது கிண்ணம் சின்னது, பக்கத்தில் வேகவைத்த தட்டைப்பயறு. தினமும் காலையில் மாத்திரை போட்டதும் காலி அட்டையை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. ஒன்பது மணிக்குள் போட்டோ வரவில்லை என்றால், அம்மா போன் போட்டுவிடுவார்.